திட்டமும் திடீர் விருப்பமும்

புது தில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியே ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஓர் இரவு, ஒரு பகல், மீண்டும் ஓர் இரவு. கண் விழித்தால் சென்னை சென்ட்ரல். இடையில் ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், நாகபுரி, வாரங்கல், விஜயவாடா என்று பெரும் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆண்டுக்கு இருமுறை ஊருக்குப் போய்வரும் மாணவன் ஐந்தாண்டுப் படிப்பில் இருபது முறை இவ்வூர்களைக் கடக்கிறான். அவன் அங்கே கண்டது என்ன? நடைமேடையும் தேநீர்க் குவளையும்தாம். "வடக்கே ஐந்து வருஷம் இருந்தாயே தம்பி, சாஞ்சியைப் பார்த்தாயா?" என்று ஊரில் ஒரு பெரியவர் கேட்டால், கடந்திருக்கிறேன் என்று சொல்லலாம், அதுவும் உறக்கத்தில்.

பட்டம் பெற்றபின் வேலை எங்கே கிடைக்குமோ, யார் அறிவார்? இந்தப் பாதையில் இவ்வளவு அடிக்கடிப் போகும் வாய்ப்பும், பத்து நாள் நம் விருப்பப்படி நடக்கும் உரிமையும் ஒருசேரக் கிடைப்பது மாணவப் பருவத்தில்தான். ஆதலால் விடுமுறைக்கு ஊர் போகும் பயணத்தையே ஒரு சுற்றுலாவாக ஆக்கிக்கொள்வது எப்படி என்பதை ஆராய்வது வீண் வேலை அன்று.

நம் நண்பர்களில் இரு கட்சியினர் உண்டு. ஒரு கட்சியார் காலை 6-10க்குப் பல் துலக்குவதிலிருந்து இரவு உறங்குவது வரை தாளில் எழுதிக்கொண்டு புறப்படுவர். ஒரு ரயில் இரண்டு மணி தாமதமானால் அவர்கள் தாள் முழுவதும் பொய்யாகிவிடும். அன்று முழுவதும் முகத்தில் ஈ ஆடாது. மற்றக் கட்சியார், "போகிற போக்கில் பார்த்துக்கொள்வோம்; திட்டமிட்டால் பயணத்தின் சுவை போய்விடும்" என்பர். சொல்வதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுமுறைக் காலத்தில் முன்பதிவு இன்றிப் புறப்படுகிறவன் தன் சுதந்திரத்தை எங்கே செலவிடுகிறான்? பயணச்சீட்டு வரிசையிலும், விடுதி விடுதியாக ஏறி இறங்குவதிலும், திங்கட்கிழமை மூடியிருக்கும் அருங்காட்சியகத்தின் வாயிலிலும். அவன் நினைத்ததைச் செய்யவில்லை, கிடைத்ததைச் செய்தான். இரண்டும் ஒன்றாகா.

எனவே "திட்டம் வேண்டுமா, வேண்டாமா" என்று வழக்காடுவதில் பயன் இல்லை. எதைத் திட்டமிடுவது, எதை விட்டுவைப்பது என்பதே கேள்வி. இதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு. பிறகு நினைத்தால் கிடைக்காதவற்றை இன்றே முடிவு செய்க. அன்று நினைத்தாலும் கிடைக்கக்கூடியவற்றை இன்று முடிவு செய்யாதீர்கள். ரயிலில் படுக்கை, இரவு தங்கும் இடம், விடுமுறை நாட்கள், ஊர் போய்ச் சேரவேண்டிய நாள் ஆகியவை முதல் வகை. எந்தக் குகையை முதலில் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, எந்த மரத்தடியில் எத்தனை நேரம் உட்காருவது ஆகியவை இரண்டாம் வகை. முழுத் திட்டக்காரர் இரண்டாம் வகையையும் இன்றே முடித்துவிடுகிறார். திட்டமில்லாதவர் முதல் வகையையும் அன்றைக்கு விட்டுவிடுகிறார்.

இனி நம் பாதைக்கே வருவோம். இரயில்வேயின் விதிகளில் மாணவர் பலர் அறியாத ஒன்று உண்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணச்சீட்டு வைத்திருப்பவர் வழியில் இறங்கித் தங்கிப் பிறகு அதே சீட்டில் பயணத்தைத் தொடரலாம். 1,000 கிலோமீட்டர் வரையுள்ள சீட்டுக்கு ஒரு முறை. அதற்கு மேற்பட்டால் இரண்டு முறை. முதல் இறக்கம் 500 கிலோமீட்டர் கடந்த பிறகே இருக்கவேண்டும். இறங்கும் நாளையும் மீண்டும் ஏறும் நாளையும் கணக்கில் சேர்க்காமல் இரண்டு நாள் தங்கலாம். ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளுக்கு இது செல்லாது. சீட்டு ஒன்றாயினும் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே படுக்கை பதிவு செய்துகொள்ளவேண்டும். ஆகவே நிலையத்தில் பதிவு செய்யும் இடத்திற்கே சென்று, எங்கெங்கே இறங்கப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், மூன்று தனிச்சீட்டு வாங்குவதைவிட இது மலிவு. வேறு வழியாகத் திரும்பிவர எண்ணுவோர்க்கு, புறப்பட்ட இடத்திலேயே முடியும் சுற்றுப் பயணச்சீட்டு என்று ஒன்றும் உண்டு. அதில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம்.

இவ்விதியே நம் திட்டத்தின் பாதியை எழுதிவிடுகிறது. தில்லியிலிருந்து குவாலியர் ஏறக்குறைய 313 கிலோமீட்டர், ஜான்சி 410. இவை 500க்கு உட்பட்டவை. விதிப்படி அங்கே இறங்கமுடியாது. இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. குவாலியர் ஒரு வார இறுதியில் தில்லியிலிருந்தே போய்வரத்தக்க ஊர். (கணிதம் பயில்வோர் அதைத் தவறவே விடக்கூடாது. கோட்டைக்கு ஏறும் வழியில் பாறையில் குடைந்த சதுர்ப்புஜர் கோயில் என்ற சிறு கோயிலில், கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில், 270 என்ற எண்ணில் சுழியை வட்டமாகப் பொறித்திருக்கிறார்கள். ஒரு பூந்தோட்டத்தின் அளவைக் குறிக்க வந்த சுழி அது.) அடுத்து வருவது 700ஆவது கிலோமீட்டரில் போபால். அங்கே முதல் இறக்கம். இரண்டாவதை நாகபுரியில் வைக்கலாம், வாரங்கல்லில் வைக்கலாம். நான் வாரங்கல்லையே சொல்வேன், காரணம் பின்னே.

பொதுவாகச் சுற்றுலாத் திட்டத்தில் பெருந்தொல்லை, ஊர்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான். ஆறு ஊர்களை 720 விதமாக வரிசைப்படுத்தலாம்; பத்து ஊர்கள் என்றால் முப்பத்தாறு இலட்சத்திற்கும் மேல். நமக்கு அந்தத் தலைவலி இல்லை. வரிசையை இருப்புப்பாதையே முடிவு செய்துவிட்டது. நாம் முடிவு செய்ய வேண்டியது எங்கே இறங்குவது, எந்தக் கிழமை இறங்குவது என்ற இரண்டுமட்டுமே.

கிழமை அற்பமான செய்தி என்று எண்ணவேண்டாம். போபாலுக்கு வடகிழக்கே 46 கிலோமீட்டரில் சாஞ்சி. தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் பீம்பேட்கா குகைகள். ஒவ்வொன்றும் ஒரு முழு நாளுக்கு உரியது. சாஞ்சியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடப்படும். போபால் நகரில் மனித இனங்களின் வாழ்க்கையைக் காட்டும் மாபெரும் மானவ சங்கிரகாலயம் திங்கட்கிழமை மூடப்படும். புதன்கிழமை போபால் சேர்ந்தால் வியாழனும் வெள்ளியும் நமக்குரிய முழு நாட்கள்; அப்போது சாஞ்சிக்கு வியாழன்தான் என்றாகிவிடும். வியாழன் மழை பெய்தாலும், உடம்பு சோர்ந்தாலும் மாற்றமுடியாது. செவ்வாய் சேர்ந்தால் புதனும் வியாழனும் முழு நாட்கள். எதை முன்னே பார்த்தாலும் குற்றமில்லை. நகரத்தைச் செவ்வாயும் பார்க்கலாம். மாலையில் புறப்படும் வண்டியில் இடம் பிடித்திருந்தால் வெள்ளிப் பகலிலும் பார்க்கலாம். முழு நாட்களை இருவிதமாக அடுக்கலாம். நகரத்தை இருவிதமாக வைக்கலாம். ஆக நான்கு வழிகள். வாரங்கல்லில் இன்னும் இரண்டு முழு நாட்கள், அங்கும் இருவிதம். நான்கை இரண்டால் பெருக்க எட்டு.

நாளுக்கோர் ஊர், இரவுக்கோர் விடுதி என்று ஓடுகிறவனுக்கு எத்தனை வழி? ஒன்றே ஒன்று. ஒரு நாள் பிசகினால் அடுத்த ஊரின் அறையும் போயிற்று, அதற்கடுத்த வண்டியும் போயிற்று. நம் திட்டத்திலும் முன்பதிவு உண்டு, விடுதி உண்டு, கிழமை உண்டு. அவனைவிடக் குறைவாகத் திட்டமிட்டோம் என்று யாரும் சொல்லமுடியாது. ஆயினும் நம் கையில் எட்டு வழிகள் இருக்கின்றன. ஓர் ஊரில் மூன்று இரவு தங்கி அங்கிருந்து நாற்புறமும் போய்வருவதும், கிழமையைப் பார்த்து இறங்குவதுமே இதற்குக் காரணம். பயணத்தில் சுதந்திரம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க பொருள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து, நேரத்தைப் பற்றி. 1909இல் எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் வந்து குவிவதைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததே வரிசைக் கொள்கை. அதன் மிக எளிய வடிவத்தில் ஒரு முடிவு வருகிறது. முன்னறிய முடியாதபடி ஆட்கள் வந்துகொண்டிருக்கும் ஒரு சன்னலில் எழுத்தர் தம் நேரத்தில் பாதி அளவே வேலையாக இருந்தால், ஒருவர் அங்கே கழிக்கும் சராசரி நேரம், அவர் வேலைக்கு உண்மையில் தேவைப்படும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு. எழுத்தர் நூற்றுக்கு எண்பது பங்கு வேலையாக இருந்தால் ஐந்து மடங்கு. தொண்ணூறு பங்கு என்றால் பத்து மடங்கு. தொண்ணூற்றைந்து என்றால் இருபது மடங்கு. கடைசி ஐந்து பங்கை நிரப்பப் போய்த் தாமதம் இரட்டிப்பாகிறது! சுற்றுலா தொலைபேசி நிலையம் அன்று. இந்த எண்களை அப்படியே எடுத்துப் பொருத்தக்கூடாது. ஆனால் எதிர்பாராதவை நிகழும் இடத்தில் இடைவெளியின்றி நிரப்பினால் தாமதம் தாமதத்தைப் பெறும் என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

இரயில்வேக்காரர்களே இதை நன்கு அறிவர். கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பல வண்டிகள் கடைசி நிலையத்திற்கு முந்திய நிறுத்தத்திலிருந்து கடைசி நிலையம் சேரும் சிறு தூரத்திற்குத் தாராளமாக நேரம் எடுத்துக்கொள்வதாகப் போட்டிருப்பார்கள். அதே தூரத்தை எதிர்த்திசையில் புறப்படும்போது மிகவும் குறைந்த நேரத்தில் கடக்கும். வழியில் இழந்ததை ஈடுசெய்ய வைத்த கையிருப்பு அது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கையிருப்பு நேரம் இருவகைப்படும். தாமதம் வந்தால் தாங்குவதற்காக வைப்பது ஒன்று. விருப்பம் வந்தால் செலவிடுவதற்காக வைப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் தாமதம் முந்திக்கொள்ளும். விருப்பத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. "கடைசி நாளைச் சும்மா விட்டிருக்கிறோம், அன்று விருப்பப்படி சுற்றலாம்" என்று சொல்லிப் புறப்பட்டவர்களில் அந்த நாளைக் கண்டவர் குறைவு. டிசம்பரிலும் ஜனவரியிலும் வடக்கே மூடுபனியால் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஆகவே நம் தாமதக் கையிருப்பு பயணத்தின் தொடக்கத்தில், போபால் சேரும் செவ்வாய்க்கிழமையில் இருக்கவேண்டும். திங்கள் இரவு தில்லியில் ஏறினால் செவ்வாய்க் காலை போபால். அன்றைக்கு என்று ஒன்றையும் குறிக்காதீர்கள். வண்டி மாலையில் வந்து சேர்ந்தாலும் இழப்பில்லை. நகரத்துக்கு வெள்ளி இருக்கிறது. விருப்பக் கையிருப்போ ஒவ்வொரு நாளின் பிற்பகலிலும் இருக்கட்டும்.

அந்தப் பிற்பகலை எப்படிப் பயன்படுத்துவது? அறியாமையால் திடீர் விருப்பம் பிறப்பதில்லை. அறிந்தவனுக்கே அது பிறக்கும். பீம்பேட்கா குகைகள் உலகுக்குத் தெரிய வந்த கதையே இதற்குச் சான்று. 1957இல் வி. எஸ். வாகண்கர் என்ற தொல்லியல் அறிஞர் போபாலுக்கு ரயிலில் சென்றபோது சன்னல் வழியே அப்பாறைகளைக் கண்டார் என்றும், ஸ்பெயினிலும் பிரான்சிலும் தாம் பார்த்திருந்த பாறைகளை அவை ஒத்திருக்கக் கண்டு பின்னர்க் குழுவோடு அங்கே சென்றார் என்றும் சொல்வர். அங்கே ஆதி மனிதர் தீட்டிய ஓவியங்கள் இருந்தன. 2003இல் அவ்விடம் உலக மரபுச் சின்னமாயிற்று. அந்தப் பாறைகளை அவருக்கு முன்னும் பின்னும் எத்தனை பயணிகள் சன்னல் வழியே கண்டிருப்பார்கள்! நம் சென்னை வண்டியும் அந்த வழியேதான் போகிறது. வேறு பாறைகளை முன்பே கண்டிருந்த ஒருவருக்குத்தான் இவை பேசின.

ஆகவே இரண்டு தாள்கள் வைத்துக்கொள்க. முதல் தாளில் நாளும் நேரமும் குறித்த சிலவே இருக்கட்டும்: வண்டிகள், விடுதி, நாளுக்கு ஒரே ஓர் இடம். இரண்டாம் தாளில் சுற்றுப்புறத்தில் உள்ளவற்றை எழுதுக. தூரமும் மூடும் நேரமும்மட்டும் குறித்து, நாளையும் மணியையும் குறிக்காமல் விடுக. சாஞ்சி நாளுக்கு இரண்டாம் தாளில் என்ன இருக்கும்? பத்துக் கிலோமீட்டர் அளவில் விதிசை. அதன் அருகே உதயகிரிக் குகைகள். குப்தர் காலத்து வராகச் சிற்பம் அங்கே உண்டு. மற்றொரு பக்கம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தட்சசீலத்திலிருந்து தூதனாக வந்த ஹீலியோடோரஸ் என்ற கிரேக்கன் வாசுதேவனுக்கு எடுத்த கருடத் தூண். சென்ற டிசம்பரில் நாங்கள் மூவர் சாஞ்சித் தூபியைச் சுற்றி முடித்தபோது மணி ஒன்று. ஒருவன் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டான். ஆட்டோக்காரர், "காம் பாபா பார்க்கவில்லையா?" என்று இந்தியில் கேட்டார். ஊர்மக்கள் அந்தக் கிரேக்கன் தூணை அப்படித்தான் அழைக்கிறார்கள் என்பது எங்கள் இரண்டாம் தாளில் இருந்தது. இல்லாவிட்டால் ஏதோ சாமியார் மடம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பியிருப்போம்.

நம் முன்னோர் வழி சொன்ன முறையும் இதுவே. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து உண்டு. அவற்றுள் மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. பெருங்கௌசிகனார் என்ன சொல்கிறார்? பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் வழியைக் குறித்து எச்சரிக்கிறார். எங்கே யார் என்ன உணவு தருவார் என்கிறார். வழியில் கேட்கக்கூடிய ஓசைகளைச் சொல்கிறார். மணிக் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆபத்தும் உணவும் தங்கும் இடமும் முதல் தாள். காட்சியும் ஓசையும் இரண்டாம் தாள் என்று கொள்ளலாம். தமிழ் பயில்வோர் இக்கருத்தை மறுத்து எழுதினால் மகிழ்வேன்.

பீம்பேட்கா நாளின் இரண்டாம் தாளில் போஜ்பூர் தவறாமல் இருக்கட்டும். பதினொன்றாம் நூற்றாண்டுப் போஜ மன்னன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சிவன் கோயில். உள்ளே மிகப் பெரிய இலிங்கம். கோயில் முடியவில்லை. கல்லை மேலேற்ற அமைத்த மண் சரிவு இன்னும் பின்னால் கிடக்கிறது. சுற்றியுள்ள பாறைகளில் கட்டடத்தின் வரைபடங்களைக் கோடுகளாகக் கீறி வைத்திருக்கிறார்கள். கட்ட எண்ணிக் கட்டாத பகுதிகளும் அக்கோடுகளில் இருக்கின்றன. திட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுத முனைந்தவன் அங்கே சிறிது நேரம் கூடுதலாக நின்றான் என்றால் வியப்பில்லை!

இனி வாரங்கல். தில்லியிலிருந்து ஏறக்குறைய 1,540 கிலோமீட்டர். நாகபுரியைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் முன்சொன்ன கணக்கே: இங்கே ஒரு தொலைவான நாளும் ஓர் அண்மையான நாளும் கிடைக்கின்றன, இரண்டையும் மாற்றி அடுக்கலாம். தொலைவானது ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் பாலம்பேட்டை இராமப்பா கோயில். காகதீய மன்னன் கணபதிதேவன் காலத்தில் அவன் தளபதி ரேச்சர்ல ருத்திரன் 1213இல் எடுத்தது. 2021இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அதன் விமானத்துச் செங்கற்கள் நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானவை. பௌதிகம், இரசாயனம் பயில்வோர்க்கு இதைவிட என்ன வேண்டும்? அண்மையானவை கோட்டையின் கல் தோரணங்களும், அனுமகொண்டாவில் 1163இல் எழுந்த ஆயிரங்கால் கோயிலும். சனிக்கிழமை சேர்ந்து, ஞாயிறும் திங்களும் கண்டு, செவ்வாய் இரவு ஏறினால் புதன் காலை சென்னை. வீட்டில் சொல்லவேண்டிய நாள் வியாழன். புதன் என்று சொல்லிவிட்டால் அம்மா காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

துணையைப் பற்றிச் சிறிது. மூவர் என்றால் ஓர் ஆட்டோ. நால்வர் என்றால் ஒன்றில் நெருக்கிக்கொள்வதா இரண்டு பிடிப்பதா என்பதிலேயே முதல் சண்டை தொடங்கும். எண்மராகப் போனால் திடீர் விருப்பத்திற்கு வாக்கெடுப்பு நடத்தவேண்டும். அதற்குள் கதவு மூடிவிடுவார்கள். பெருங்கூட்டமாகப் போகவேண்டியிருந்தால், பிரிந்து போகும் உரிமையை முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள்: இன்ன மணிக்கு இன்ன இடத்தில் சந்திப்போம், அதுவரை அவரவர் வழி அவரவருக்கு. பணத்திலும் மூன்றில் ஒரு பங்கை எதற்கென்றும் ஒதுக்காமல் வைத்துக்கொள்க. நேரம் இருந்து பணம் இல்லாவிட்டால் காம் பாபாவைக் காண முடியாது. விதிசை வரை ஆட்டோக்காரர் சும்மா கூட்டிச் செல்லமாட்டார்.

முன்பதிவுக் காலம் முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். டிசம்பர் 20 புறப்படுவோர்க்கு அக்டோபர் 21இல் பதிவு தொடங்கும். இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் அந்தந்தப் புறப்பாட்டு நாளிலிருந்து கணக்கிடுக. மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் பதிவு செய்ய எண்ணுவோர் கடைசிப் பகுதிக்குப் பதிவு தொடங்கும் வரை காத்திருந்து செல்க. தீபாவளி நெருக்கடியில் அந்த நாளைத் தவறவிடாதிருக்க, விடுதி அறைக் கதவின் உட்புறத்தில் தேதியை எழுதி ஒட்டிவைப்பது போதும்.